பூச்சொரிதல் அலங்கார வண்டிகளின் மின்னமைப்பு

மாரியம்மன் கோயில் பூச்சொரிதல் விழாவில், அம்மன் உருவத்தையும் பூத்தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு விளக்கு அலங்காரத்துடன் ஊர்வலமாகச் செல்பவை அலங்கார வண்டிகள். புதுக்கோட்டை மாவட்டத்தில் திருவப்பூர், நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில்களின் பூச்சொரிதலுக்குப் பல ஊர்களிலிருந்து இவ்வாறு பூ எடுத்து வருகின்றனர். டிராக்டர் டிரெய்லரின் மேல் மரம், மூங்கில், இரும்புக் குழாய்களால் சட்டம் கட்டி அதில் விளக்குகளைப் பொருத்துவது வழக்கம். ஓடும் வண்டிக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த வண்டியே சுமந்து செல்ல வேண்டும். வீட்டில் இருப்பதுபோல் மண்ணில் புதைத்த எர்த் இதற்குக் கிடையாது. ஆபத்துகள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

மின்சாரம் வரும் வழிகள்

டிராக்டரின் சொந்த பேட்டரி 12 வோல்ட் நேர்மின்னோட்டம் தருவது. அது எஞ்சினைக் கிளப்பவும் முகப்பு விளக்குக்கும் மட்டுமே போதும். வீட்டு இன்வெர்ட்டரையும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியையும் ஏற்றினால், பேட்டரியைப் பாதி வரை பயன்படுத்தி 200 வாட் விளக்குகளை மூன்றரை மணி நேரம் எரிக்கலாம். சிறிய வண்டிக்கு இதுவே நல்லது. சத்தமும் புகையும் இல்லை.

பெரிய வண்டிக்கு ஜெனரேட்டர் வேண்டும். எடுத்துக்காட்டாக, 3,000 பிக்சல் எல்.இ.டி. பல்புகள் ஒவ்வொன்றும் 0.3 வாட் என்றால் 900 வாட், எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்மாற்றிப் பெட்டிகளின் இழப்பைச் சேர்த்தால் 1,060 வாட். நான்கு 50 வாட் ஃபோகஸ் விளக்குகளுக்கு 200, மைக்செட்டுக்கு 500. மொத்தம் 1,760 வாட். திறன் காரணி 0.8 எனக் கொண்டால் 2.2 கே.வி.ஏ. ஆகிறது, 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் எடுப்பது பொருத்தம். பழைய 40 வாட் குண்டு பல்புகள் நூறு போட்டாலே 4,000 வாட் ஆகிவிடும்.

மூன்றாவது வழி, வண்டி நிற்கும் இடத்தில் வீட்டு மின்சாரத்தை எடுப்பது. அப்போது ஜெனரேட்டரும் லைனும் ஒரே நேரத்தில் இணையாதபடி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். சாமி வரும் தெருவில் மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் வேலை செய்வதுண்டு. ஜெனரேட்டர் மின்சாரம் வீட்டு பிளக் வழியாகத் திரும்பி லைனுக்குப் போனால், டிரான்ஸ்ஃபார்மர் அதை 11,000 வோல்ட் வரை உயர்த்திவிடக்கூடும். கம்பத்தில் இருப்பவருக்கு அது தெரியாது.

பிளக் பாயிண்டுகளும் வயர்களும்

இந்தியாவில் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என இருவகை மூன்று துளை பிளக் பாயிண்டுகள் உள்ளன. 230 வோல்ட்டில் முதலாவது 1,380 வாட் வரையும், இரண்டாவது 3,680 வாட் வரையும் தாங்கும். மேலே கண்ட 1,760 வாட்டையும் ஒரே 6 ஆம்பியர் ஜங்ஷன் பாக்ஸில் தொங்கவிட்டால் பிளக் சூடாகி உருகும். இரண்டு மூன்று சர்க்யூட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி. வைக்க வேண்டும்.

பிக்சல் பல்புகள் 5 வோல்ட்டில் எரிபவை. நீளமான வயரில் அரை வோல்ட் குறைந்தாலே பத்து விழுக்காடு போய்விடும். கடைசி பல்புகள் சிவந்து மங்கும். இதனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளைப் பல்புகளுக்கு அருகிலேயே சட்டத்தில் கட்டுகின்றனர். விளைவாக 230 வோல்ட் வயர் இரும்புச் சட்டம் முழுவதும் ஓடுகிறது. டேப் சுற்றிய இணைப்பு ஆட்டத்தில் அவிழ்ந்தால் சட்டத்துக்கே மின்சாரம் ஏறும்.

எர்த்

ரப்பர் சக்கரத்தில் நிற்கும் வண்டிக்குக் கம்பி அடித்து எர்த் தர முடியாது. சங்கிலியைத் தரையில் இழுத்துச் செல்வதும் எர்த் ஆகாது. இரும்புச் சட்டம், டிரெய்லர், ஜெனரேட்டர் உடல் மூன்றையும் தடித்த பச்சை வயரால் இணைத்து, ஜெனரேட்டரின் நியூட்ரலையும் அந்த உடலோடு ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். அதன் பிறகு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தினால், கசிவு ஏற்பட்டதும் நொடியின் சிறு பகுதியில் மின்சாரம் துண்டிக்கப்படும். நியூட்ரலைச் சேர்க்காத ஜெனரேட்டரில், முதல் கசிவு ஏற்படும்போது அதே கருவி பெரும்பாலும் சும்மா இருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த இணைப்பு எலக்ட்ரீசியன் செய்ய வேண்டியது.

உயரம்

தலைக்கு மேல் போகும் மின்கம்பியிடம் இந்தப் பாதுகாப்பு எதுவும் செல்லாது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டர், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது என்றன. டிரெய்லர் தட்டு ஏறத்தாழ ஒரு மீட்டர். அதன்மேல் 15 அடிச் சட்டம் நின்றால் 5.6 மீட்டர். சாலையை மீண்டும் மீண்டும் உயர்த்திப் போட்டிருந்தால் அந்த ஒரு சாண் இடைவெளியும் இராது. தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலையில், அப்பர் விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசியதில் குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்தனர்.

எனவே உச்சி அலங்காரம் மடங்கும்படி அமைப்பதும், முன்கூட்டியே பகலில் பாதையை நடந்து பார்ப்பதும், அந்த நேரத்துக்கு மின்தடை கேட்டு மின்வாரியத்திடம் எழுதிக்கொடுப்பதும் வேண்டும். கம்பி வண்டியைத் தொட்டுவிட்டால், தீப்பிடிக்காத வரை மேலே இருப்பவர்கள் இறங்கக் கூடாது. இறங்கியே ஆக வேண்டுமென்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களை அகட்டாமல் நகர வேண்டும். கீழே இருப்பவர்கள் வண்டியைப் பிடித்துத் தள்ளாமல் குறைந்தது பத்து மீட்டர் விலகி நிற்க வேண்டும்.