உங்களுக்குத் தெரியுமா? எண்ணாமல் விட்ட வீச்சுகள்

★ கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டிப் பந்தை எறிந்தால் நோபால். பேஸ்பாலிலோ அந்த மடக்கி நீட்டலில்தான் வேகமே பிறக்கிறது. பந்து வீசும் பிட்சர் காலைத் தூக்கி அடியெடுத்து வைக்கிறார். இடுப்பு திரும்புகிறது, மார்பு திரும்புகிறது, கை பின்னால் முறுக்கிக்கொண்டு போய் முன்னால் பாய்கிறது. அந்தக் கணத்தில் தோள் உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்கு 7,000 டிகிரிக்கு மேல். மனித உடலில் இதுவரை அளந்த அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் இதுவும் ஒன்று. இதைத்தான் பத்து வயதுப் பையன்கள் ஒரே பிற்பகலில் எழுபது, எண்பது முறை செய்கிறார்கள்.

★ முழங்கையின் உட்பக்கம் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு சிறிய தசைநார். ஒரு தேர்ந்த பிட்சர் முழு வேகத்தில் வீசும்போது முழங்கையைப் பிளக்கப் பார்க்கும் திருகுவிசை ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர். இறந்தவர்களின் முழங்கையை ஆய்வுக்கூடத்தில் இழுத்துப் பார்த்தபோது, அந்தத் தசைநார் அதில் பாதியளவு விசையிலேயே அறுந்துவிட்டது. அப்படியென்றால் ஒவ்வொரு வீச்சிலும் அறுந்திருக்க வேண்டுமே? அறுவதில்லை. முன்கைத் தசைகள் இறுகி, சுமையில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்கின்றன. தசை களைத்துவிட்டால் தாங்க ஆளில்லை. மொத்தச் சுமையும் அந்தச் சிறு நாரின் மேல் விழுகிறது. மீதி விஷயங்களையெல்லாம் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

★ அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்கள், தோளிலோ முழங்கையிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்ட 95 பதின்வயது பிட்சர்களையும், காயமே படாத 45 பேரையும் ஒப்பிட்டு 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு எட்டு மாதத்துக்கு மேல் வீசியவர்கள் அறுவை சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பு 5 மடங்கு. ஓர் ஆட்டத்தில் சராசரியாக 80-க்கு மேல் வீசியவர்களுக்கு ஏறத்தாழ 4 மடங்கு. கை களைத்த பிறகும் வழக்கமாக வீசிக்கொண்டிருந்தவர்களுக்கு? 36 மடங்கு!

முப்பத்தாறு. இந்த ஓர் எண்ணை ஒவ்வொரு சிறுவர் மைதானத்தின் வாசலிலும் எழுதி வைக்க வேண்டும்.

★ பெரியவர்களுக்கு நார் அறுகிறது. சிறுவர்களுக்கு அதற்கு முன்பே எலும்பு பிரிகிறது. வளரும் எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பு, அதில் பற்றியிருக்கும் தசைநாரைவிட வலுக் குறைந்தது. தொடர்ந்து இழுபட்டால் அந்த இடம் விரியும். சில நேரம் எலும்புத் துண்டே பெயர்ந்துவிடும். 1960-லேயே மருத்துவர்கள் இதற்கு 'லிட்டில் லீகர் முழங்கை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1965-இல் கலிஃபோர்னியாவில் 162 சிறுவர்களின் முழங்கைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 80 பேர் பிட்சர்கள். அந்த 80 பேரின் எலும்பிலும் கூடவோ குறையவோ மாற்றம் தெரிந்தது. அறுபது ஆண்டுகளாக நமக்குத் தெரிந்த செய்தி இது.

★ தோளிலும் இதே கதைதான். மேற்கை எலும்பின் உச்சியிலுள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு விரிந்துகொடுக்கும். பெரும்பாலும் 11 முதல் 16 வயதுக்குள். மருந்து ஒன்றே ஒன்று: சில மாதங்கள் பந்தைத் தொடாமல் இருப்பது.

★ 1974 செப்டம்பர் 25. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை பிட்சர் டாமி ஜானுக்கு அறுந்துபோன முழங்கைத் தசைநாரை டாக்டர் ஃபிராங்க் ஜோப் புதிதாகக் கட்டினார். வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு, அதன் வழியே கோத்துக் கட்டினார். ஜானின் கை திரும்பிவர நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் அன்று அவர் கணித்திருந்தார். 1975 முழுவதும் விளையாடாத டாமி ஜான் 1976-இல் திரும்பினார், 1989 வரை வீசினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. இன்று அந்தச் சிகிச்சைக்கே டாமி ஜான் சர்ஜரி என்றுதான் பெயர்.

★ எடுத்து ஒட்டும் அந்தத் தசைநாண் உங்கள் கையில் இருக்கிறதா? பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்குங்கள். நடுவில் கயிறுபோல் ஒன்று புடைத்தால் அதுதான். ஏழில் ஒருவருக்கு அது ஒரு கையிலாவது இருப்பதில்லை. அவர்களுக்குத் தொடையின் பின்புறத்திலிருந்து எடுப்பார்கள்.

★ முப்பத்தொரு வயதுத் தொழில்முறை வீரருக்காகக் கண்டுபிடித்த சிகிச்சை பின்னாளில் யாருக்கு அதிகம் நடந்தது? அமெரிக்காவில் 2007 முதல் 2011 வரையிலான தனியார் காப்பீட்டுத் தரவுகளை ஆராய்ந்தபோது, இதைச் செய்துகொண்டவர்களில் 57 சதவீதம் பேர் 15 முதல் 19 வயதுக்குள் இருந்தார்கள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள்.

★ இதைவிட வேதனை, அறுவை சிகிச்சை செய்துகொண்டால் முன்பைவிட வேகமாக வீசலாம் என்று நம்புகிறவர்கள் கணிசமாக இருப்பது. வீரர்கள், பெற்றோர், பயிற்சியாளர்கள் மூன்று தரப்பிலும் இந்த நம்பிக்கை இருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. உண்மை வேறு. பிட்சர் நின்று வீசும் மேட்டில் மீண்டும் ஏற ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். எல்லாரும் பழைய நிலைக்குத் திரும்புவதுமில்லை. திரும்பியவர்களில் சிலர் வேகம் கூடியதாகச் சொல்வது, அந்த ஓராண்டு ஓய்வும் ஒழுங்கான உடற்பயிற்சியும் தந்த பலன். அதற்குக் கத்தி தேவையில்லை.

★ அந்தத் தசைநாரே இல்லாமல் ஒருவர் சாதித்திருக்கிறார். 1996-இல் ஆர்.ஏ. டிக்கியை டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 8,10,000 டாலருக்குப் பேசி முடித்தது. பரிசோதனையில் அவருடைய வலது முழங்கையில் அந்த நார் இல்லவே இல்லை என்று தெரிந்ததும் தொகை 75,000 ஆகக் குறைந்தது. பின்னாளில் மெதுவாக மிதந்து போகும் நக்கிள்பால் வீச்சைக் கற்றுக்கொண்ட அவர், 2012-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்றார்.

★ இனி ஜப்பான். ஹியோகோ மாகாணத்தின் கோஷியென் மைதானத்தில் நடக்கும் கோடைகால உயர்நிலைப் பள்ளிப் போட்டியை ஜப்பானே உட்கார்ந்து பார்க்கும். தோற்றால் வெளியே. அதனால் பல பள்ளிகள் தங்கள் ஒரே நட்சத்திரப் பிட்சரை நாள் தவறாமல் இறக்கி வந்தன. 1998 காலிறுதியில் யோகோஹாமா பள்ளியின் 17 வயது மாட்சுசாகா டைசுகே 17 இன்னிங்ஸ், 250 பந்து வீசினார். அதற்கு முந்தின நாளே 148 வீசியிருந்தார். மறுநாள் அரையிறுதியின் கடைசி இன்னிங்ஸில் மறுபடி மேடேறினார். அதற்கடுத்த நாள் இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராமல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். நாடே கொண்டாடியது. 2011-இல், பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரராக, அவருக்கும் டாமி ஜான் சர்ஜரி நடந்தது. இடையில் பதின்மூன்று ஆண்டுகள். ஒன்றுக்கொன்று நேரடிக் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்த 250-ஐ வீரம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

★ 2006-இல் சைட்டோ யூகி அதே போட்டியில் 948 பந்து வீசினார். இறுதி ஆட்டம் 15 இன்னிங்ஸுக்குப் பிறகும் சமனாக இருந்ததால் மறுநாள் மீண்டும் நடந்தது. இரண்டு நாளும் அவர்தான் வீசினார், வென்றார். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபின் தோள் காயம் அவரை விடவில்லை. 2021-இல் ஓய்வு பெற்றபோது கணக்கில் இருந்தவை 15 வெற்றிகள்.

★ 2013 வசந்தகாலப் போட்டியில் 16 வயது அன்ராகு டோமொஹிரோ 5 ஆட்டங்களில் 772. 2018 கோடையில் யோஷிடா கோசெய் 6 ஆட்டங்களில் 881.

★ இந்த வரிசை எங்கே உடைந்தது தெரியுமா? 2019 ஜூலை, இவாதே மாகாண இறுதி ஆட்டம். ஜெயித்தால் ஓஃபுனாதோ பள்ளி 35 ஆண்டுகளுக்குப் பிறகு கோஷியென் போகும். அந்தப் பள்ளியின் சசாகி ரோகி மணிக்கு 163 கி.மீ. வேகம் காட்டிய பையன். முந்தின நாள் அரையிறுதியில் 129 பந்து வீசியிருந்தார். பயிற்சியாளர் அவரை இறுதி ஆட்டத்தில் இறக்கவே இல்லை. பள்ளி 2-12 என்று தோற்றது. பள்ளிக்குத் தொலைபேசியில் வசவுகள் குவிந்தன; முன்னாள் வீரர்கள் தொலைக்காட்சியில் திட்டினார்கள். மூன்றாண்டு கழித்து, 2022 ஏப்ரல் 10 அன்று, 20 வயது சசாகி சிபா லொட்டே அணிக்காக ஒருவரைக்கூடத் தளம் ஏற விடாமல், 19 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்து முழுமை ஆட்டம் ஆடினார். அவருக்கும் பின்னர் தோள் தொல்லை வந்தது. எந்தக் கைக்கும் உத்தரவாதம் கிடையாது. ஆனால் அன்று அந்தப் பயிற்சியாளர் செய்தது சரி. ஒரு கோப்பையை விட்டுக்கொடுத்து ஒரு கையைக் காத்தவர் அவர்.

★ 2020 முதல் ஜப்பான் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் கூட்டமைப்பு, ஒரு வாரத்தில் ஒரு பிட்சர் 500 பந்துக்கு மேல் வீசக் கூடாது என்று வரம்பு போட்டது. போடாமல் இருந்ததற்கு இது மேல். போதுமா என்றால் போதாது. அமெரிக்கப் பரிந்துரையின்படி 17, 18 வயதுப் பிட்சர் ஒரு நாளில் 105 பந்து வரை வீசலாம். வீசினால் அடுத்த நான்கு நாள் மேடேறக் கூடாது. முழு ஆட்டமாக வீசினால் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வாய்ப்பே இல்லை.

★ அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலின் தாய்வீடான லிட்டில் லீக், 2007-இல் இன்னிங்ஸ் கணக்கைக் கைவிட்டு வீச்சுக் கணக்குக்கு மாறியது. 9, 10 வயதுக்கு நாளொன்றுக்கு 75. 11, 12 வயதுக்கு 85. 66-ஐ எட்டினால் நான்கு நாள் ஓய்வு. ஒரே ஆட்டத்தில் 41 பந்தை எட்டியவர் அன்று, பிட்சரின் பந்தைப் பிடிக்கும் கேட்சராகவும் நிற்கக் கூடாது. ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார்.

★ விதி என்றால் யாருக்கும் விதிதான். 2014 லிட்டில் லீக் உலகத் தொடரில் ஒரு ரன்னும் கொடுக்காமல் முழு ஆட்டமும் வீசி வென்ற முதல் சிறுமி, பிலடெல்ஃபியாவின் மோனே டேவிஸ். அந்த வாரம் அமெரிக்காவே அவர் பெயரைச் சொன்னது. சில நாள் கழித்து, தோற்றால் வீடு திரும்ப வேண்டிய ஆட்டம் வந்தது. முந்தின நாள் வீசிய கணக்கு குறுக்கே நின்றதால் அவர் அன்று பந்து வீசவில்லை. அணி 5-6 என்று தோற்றது. 13 வயதுக் கை ஓய்வில் இருந்தது.

★ ஆனால் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை. ஃபுளோரிடாவில் உயர்நிலைப் பள்ளிப் பிட்சர்கள் ஆட்ட நாளில் வீசும் ஒவ்வொரு பந்தையும் எண்ணினார்கள்: மொத்தம் 13,769. அதில் 42 சதவீதம் ஸ்கோர் தாளில் ஏறவே இல்லை. எல்லாம் ஆட்டத்துக்கு முன்பும் இன்னிங்ஸுகளுக்கு இடையிலும் தயார்ப்படுத்திக்கொள்ள வீசியவை. தசைநாருக்கு ஸ்கோர் தாள் தெரியாது.

★ இன்னோர் ஓட்டை, ஒரே பிள்ளை இரண்டு மூன்று அணிகளுக்கு ஆடுவது. 9 முதல் 18 வயது வரையுள்ள 754 பிட்சர்களிடம் விசாரித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் மூன்று பேர் ஒரே பருவத்தில் பல அணிகளுக்கு வீசியிருந்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களில். ஒவ்வொரு அணியும் தன் கணக்கை மட்டும் எண்ணுகிறது. மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க வீட்டைத் தவிர வேறு இடம் இல்லை.

★ 'சின்னப் பையன்கள் கர்வ்பால் போடக் கூடாது, கை போய்விடும்' என்று பல தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது, நேராகப் பாயும் வேகப்பந்தைவிட, வளைந்து போகும் கர்வ்பால் முழங்கைக்குக் கூடுதல் விசை தருவதாகத் தெரியவில்லை. சிறுவயதில் அவசரப்பட்டுக் கற்றுத்தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு பயத்தில் மூழ்கி, எண்ணிக்கையையும் களைப்பையும் மறந்துவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

★ 481 சிறுவர் பிட்சர்களைப் பத்து ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-இல் வந்தது. ஒரே ஆண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குப் பெருங்காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு.

★ வேகத்தின் மேல் மோகம் வேறு. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் வேகப்பந்தின் சராசரி 2008-இல் மணிக்கு 91.3 மைல், 2024-இல் 94.2 மைல். பிட்சர்களின் காயங்கள் குறித்து மேஜர் லீக் பேஸ்பாலே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசும் பழக்கத்தை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. அந்தப் பழக்கம் ரேடார் துப்பாக்கியோடு பள்ளி மைதானத்துக்கும் இறங்கிவிட்டது என்றும் எச்சரித்தது.

★ ஜப்பானில் மருத்துவர்கள் அல்ட்ராசவுண்ட் கருவியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கே போய்ச் சிறுவர்களின் முழங்கையைப் பார்க்கிறார்கள். முழங்கையின் வெளிப்பக்கக் குருத்தெலும்பு நசுங்கும் நோய் தொடக்கத்தில் வலியே காட்டாது. அப்போதே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஓய்விலேயே ஆறிவிடும். வலி வந்த பிறகு கண்டால் அறுவை சிகிச்சை வரை போகலாம்.

★ மேஜர் லீக்கும் அமெரிக்க பேஸ்பால் சங்கமும் 2014-இல் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியின்படி, வளரும் பிள்ளை ஆண்டுக்கு நான்கு மாதமாவது பந்து வீசாமல் இருக்க வேண்டும். அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக. அந்த மாதங்களில் கால்பந்து ஆடட்டும், ஓடட்டும், நீந்துவதாக இருந்தால் தலைக்கு மேல் கை வீசாத அளவில் நீந்தட்டும்.

★ நம் ஊரில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகள் குறைவு. ஆண்டு முழுக்க கிரிக்கெட் முகாமுக்குப் போகும் பிள்ளைகள், ஈட்டி எறிகிறவர்கள், பாட்மிண்டன், டென்னிஸ் ஆடுகிறவர்கள் ஏராளம். உங்கள் பிள்ளை கை வலிக்கிறது என்றால் வலி நிவாரணி கொடுத்து மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்துங்கள். வலி நீடித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சியாளர் எண்ணாவிட்டால், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நீங்களே எண்ணத் தொடங்குங்கள்.