கொலையும் கொலையாகாத கொலையும்

'அடிச்சதென்னவோ நெசம்தான், ஆனா சாகணும்னு அடிக்கலே.' கைதானவர்களின் வீட்டார் சொல்லி நான் திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம் இது. நாமும் அதைப் புலம்பலாக எடுத்துக்கொண்டு, 'நல்ல வக்கீலாப் பாருங்க' என்று அனுப்பிவிடுகிறோம். ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 299, 300, 304 பிரிவுகள் நிற்பதே இந்த வாக்கியத்தின் மேல்தான். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு இவை பாரதிய நியாய சன்ஹிதாவில் 100, 101, 105. எண்தான் மாறியிருக்கிறது, தர்க்கம் மாறவில்லை.

செத்தவருக்கு எல்லாம் ஒன்றுதான். சட்டம் தேடுவது கொன்றவரின் மனதை. கொல்லும் நோக்கம் இருந்தால் கொலை: தூக்கு அல்லது ஆயுள். நோக்கம் இருந்தும் திடீர் ஆத்திரமூட்டல், முன்திட்டமில்லாத கைகலப்பு, தற்காப்பில் எல்லை மீறல் போன்ற விதிவிலக்குகளில் அடங்கினால் 'கொலையாகாத மரணம் விளைவித்தல்': ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு. நோக்கமில்லை, சாவு நேரலாம் என்ற அறிவு மட்டும் இருந்தது என்றால் 10 ஆண்டு வரை. வெறும் கவனக்குறைவென்றால் பழைய 304ஏ, 2 ஆண்டு வரை. புதிய 106-இல் பொதுவாக 5 வரை.

ஆக, இந்த 'மனம்' யாருக்குள்ளும் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் அது கட்டமைக்கப்படுகிறது. யாருக்கு எப்படி என்பதுதான் அரசியல்.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கம்பெனியின் இந்திய அதிகாரிகள்மீது, சாவு நேரும் என்ற அறிவு இருந்ததாக, 304 இரண்டாம் பகுதியில் குற்றச்சாட்டு வனையப்பட்டது. 1996-இல் உச்சநீதிமன்றம் குற்றச்சாட்டு நிலையிலேயே அதை 304ஏ-வாக இறக்கியது. 2010-இல் 7 பேருக்குக் கிடைத்தது 2 ஆண்டு, அன்றைக்கே ஜாமீன்.

இன்னொரு பக்கம், நல்லதங்காளைப் போலப் பிள்ளையோடு கிணற்றில் விழுந்து, தான் மட்டும் பிழைத்துக்கொண்ட பெண். அவள்மீது கொலை வழக்கு. 1989-இல் சென்னை உயர்நீதிமன்றம் இப்படியொரு வழக்கில், ஆத்திரமூட்டல் ஒரு கணத்தில்தான் நிகழவேண்டும் என்பதில்லை, நாள்பட்டுச் சேர்ந்த கொடுமையும் அதுவே என்று விதிவிலக்கை விரித்தது. 'நல்லதங்காள்' என்ற பெயரே தீர்ப்பில் ஏறியது.

ஆனால் விதிவிலக்கைக் காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதைக் காட்டவும் ஆள் வேண்டுமே. அவள் பட்ட அடிகளைச் சாட்சிகளின் வாயிலிருந்து வரவழைக்காவிட்டால் அப்பீலில் எதை வைத்துப் பேசுவது?

வக்கீல் தர்மத்துக்கு வருவதில்லை, உரிமையாக வருகிறார். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி பெண்கள், தலித்துகள், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எவருக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்றத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும். ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போதே மாஜிஸ்திரேட் இதைச் சொல்லவேண்டும் என்றது 1981 தீர்ப்பு. கேட்கவில்லை என்பதற்காக மறுக்க முடியாது, வக்கீலில்லாமல் நடத்திய விசாரணை செல்லாது என்றது 1986 தீர்ப்பு. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. கொலை வழக்கில் 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை; அது தாக்கலாவதற்குள் நாம் கேட்டாக வேண்டும்.

ஆகவே தோழர்களே, 'நல்ல வக்கீலாப் பாருங்க' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். முதல் நாளே கூடப் போவோம். எஃப்.ஐ.ஆர். நகல், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, அவள் முன்பு கொடுத்து யாரும் கண்டுகொள்ளாத புகார்கள், அலறலைக் கேட்ட பக்கத்து வீட்டார் என்று சேகரிப்போம். போபால் அதிகாரிகளின் மனதைப் பற்றிப் பேசப் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். இவளுக்கு நாம் சேர்த்துவைக்கும் காகிதங்கள்தான் இருக்கின்றன.