டாக்டர் பட்டமும் அடுத்த படியும்

உயிரியலில் டாக்டர் பட்டம் பெற்ற மகனோ மகளோ, "இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் வேறோர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிகமாகப் பணிபுரிய வேண்டும்" என்று கூறும்போது பெற்றோர் முகம் வாடுவதை நம் சங்கத்து இல்லங்களில் பலமுறை கண்டிருக்கிறோம். இத்தனை படித்தும் நிலையான உத்தியோகம் இல்லையா என்னும் மனக்குறை இயல்பே. ஆயினும், தாமே ஓர் ஆய்வுக்கூடம் நடத்த விரும்புவோர்க்குப் 'போஸ்ட்டாக்' என வழங்கும் இந்த இடைக்காலப் பதவியே வாயில். விளம்பரம் பார்த்து விண்ணப்பித்துப் பெறுவோர் உண்டு. ஒரு நல்ல கடிதத்தால் பெறுவோரும் பலர்.

1952-இல் சிதம்பரத்தில் பிறந்து, நம் பிள்ளைகளைப் போலவே வெளி மாநிலத்தில், பரோடாவில் வளர்ந்தவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். அமெரிக்காவில் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் 1976-இல் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், உயிரியலில் மனம் சென்றமையால் கலிபோர்னியாவில் மீண்டும் மாணவராய்ச் சேர்ந்தார்! உயிரணுவுக்குள் புரதங்களை ஆக்கும் ரைபோசோமைப் பற்றி யேல் பல்கலைக்கழக அறிஞர் இருவர் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரை அவர் கண்ணில் பட்டது. யேலுக்குக் கடிதம் எழுதினார். 1978-இல் பீட்டர் மூரின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. அங்கே நான்கு ஆண்டுகள் கழித்தபின், ஆசிரியப் பதவி வேண்டி ஏறக்குறைய 50 இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றும் கைகூடவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. அதே ரைபோசோம் ஆராய்ச்சிக்காகவே 2009-இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

கடிதம் என்றால் நூறு பேருக்கு ஒரே வாசகத்தை அனுப்புவதன்று. அத்தகையவை படிக்கப்படுவதேயில்லை. அப்பேராசிரியரின் அண்மைக் கட்டுரைகளை ஊன்றிப் படித்து, அவற்றிலிருந்து எழும் ஒரு கேள்வியையும், தமக்குக் கைவந்த ஆய்வு முறைகளையும் ஒரு பக்கத்துள் எழுதுதல் வேண்டும். சிபாரிசு செய்யக்கூடிய ஆசிரியர் மூவரின் பெயரையும் சேர்த்தல் நன்று. பதில் வராவிடில் இரண்டு வாரங்கழித்து நினைவூட்டலாம், அது இழுக்கன்று.

பணமில்லை என்று பேராசிரியர் கூறினும் கதவு அடைபட்டதாகாது. தமக்குரிய உதவித்தொகையைத் தாமே தேடிக்கொள்ளும் வழியுண்டு. நம் நாட்டின் தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை இரண்டாண்டுகளுக்கு உரியது. வயது வரம்பு 35, பெண்களுக்கு ஐந்தாண்டுச் சலுகை. இதற்கும் வழிகாட்டும் விஞ்ஞானியின் இசைவை முன்னரே பெறவேண்டும். ஐரோப்பாவின் எம்போ உதவித்தொகைக்கு இந்தியரும் போட்டியிடலாம்; ஆனால் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும்.

ஆகவே ஆய்வேட்டை எழுதத் தொடங்கும்போதே, பட்டத்திற்கு ஓராண்டு முன்னதாகவே, கடிதங்கள் புறப்படவேண்டும். பட்டம் வந்தபின் ஆறு மாதம் ஊரில் இருந்து வரட்டும், வரன் பார்த்து முடிப்போம் என்று அன்பினால் சொல்லும் பெற்றோர், அந்த ஆறு மாதமும் இரண்டாண்டுக் கணக்கில் கழிவதை அறிந்து சொல்வார்களாக.