ரெக்கார்டு வராமல் மார்க் போடலாமா?



2022 கடைசியில் வந்த எங்கள் வீட்டு பில்லைப் பார்த்து அப்பா சொன்னார்: "கவர்மென்ட்ல கரண்ட் ரேட்டை ஏத்திட்டாங்க." நானும் வகுப்பில் அதையே சொல்ல, எங்கள் சார், "ஆர்டர் போட்டது யாருப்பா?" என்று மடக்கினார். முழித்தேன்.

ஆர்டர் போட்டது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஒரு காலத்தில் மின்வாரியமும் கோட்டையும் பேசி முடிவு செய்த கட்டணத்தை, இப்போது விசாரித்து நிர்ணயிப்பது இந்த ஆணையம்தான். 1999-ல் அமைந்தது, இன்று 2003 மின்சாரச் சட்டப்படி இயங்குகிறது.

நம்ம பாஷையில் இவர் எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர்! சொந்த லெக்சரர் மார்க் போட்டால் கொஞ்சம் தாராளம் இருக்கும் (நன்றி சார்!). அதனால்தான் வெளியாள். உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் தலைமையிலான குழு உறுப்பினரைப் பரிந்துரைக்கும். பதவி 5 ஆண்டு. அதே பதவியில் மறுநியமனம் கிடையாது. எல்லாம் சரி. ஆனால் நியமன உத்தரவு போடுவது மாநில அரசு. மின் நிறுவனமும் அதே அரசுடையது. இங்கேதான் இடிக்கிறது.

ஆணையத்தை யாரும் மிரட்டத் தேவையில்லை. ரெக்கார்டு நோட்டையே சப்மிட் பண்ணாமல் இருந்தால் போதும்! நிறுவனம் வரவு செலவுக் கணக்கோடு மனு போட்டால்தானே விசாரணை? 2003-க்குப் பிறகு 2010 வரை இங்கே கட்டண உயர்வே இல்லை. வீடுகளில் சந்தோஷம்தான். ஆனால் நிலக்கரி விலை நிற்குமா? பற்றாக்குறை கடனாகி, கடனுக்கு வட்டியும் சேர்ந்தது. 2011 நவம்பரில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் எல்லா ஆணையங்களுக்கும் சொன்னது: மனு வராவிட்டால் நீங்களே எடுத்து விசாரியுங்கள். 2014 டிசம்பரில் நம் ஆணையம் அப்படித் தானாக முன்வந்துதான் கட்டணத்தை உயர்த்தியது. அடுத்த பெரிய உயர்வு? 2022 செப்டம்பர்! எட்டு வருஷ அரியரை ஒரே செமஸ்டரில் கிளியர் பண்ணச் சொன்னால் எப்படியிருக்கும்? அப்பா பார்த்த பில் அதுதான்.

இலவசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எங்கள் வீட்டுக்கும் உதவுகிறது. ஆனால் அந்தப் பணத்தை அரசு நிறுவனத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது சட்டத்தின் 65-ஆம் பிரிவு. "கட்டியாச்சா?" என்று அரசையே கேட்கும் தெம்பு ஆணையத்துக்கு இருக்கணும்.

2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. வக்கீல் வேண்டாம், பில் கட்டுகிற யாரும் பேசலாம். இதை அப்பாவிடம் சொன்னேன்.

"அடுத்தது எப்போன்னு பார்த்துச் சொல்லுடா" என்றார்.