குளிர் உள்ளே வருவதில்லை. சூடுதான் வெளியே போகிறது



படிவம் இரண்டு வகுப்பில் வெப்பம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மின்விசிறி சுழன்றும் வியர்வை நிற்காத ஒரு நண்பகல். பின்வரிசையில் இருந்து ஒரு மாணவன் கையைத் தூக்கினான். “டீச்சர், அந்தக் குளிரில் விளையாடினாரே, மெஸ்ஸிக்குக் குளிராதா?”

அவன் கேட்டது 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி, அமெரிக்காவின் கன்சஸ் சிட்டியில் நடந்த காற்பந்து ஆட்டத்தைப் பற்றி. அன்று ஆட்டம் தொடங்கியபோது வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 16 பாகை செல்சியஸ். வானிலை மோசமாக இருந்ததால் ஒரு நாள் தள்ளிவைத்து ஆடிய ஆட்டம் அது. இன்டர் மயாமி 1–0 என்று வென்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் மெஸ்ஸி.

நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன். “மெஸ்ஸியாவது ஓடினார். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார்களே ரசிகர்கள், அவர்களுக்கு?”

வகுப்பு அமைதியானது. இந்தக் கட்டுரை அந்த ரசிகர்களைப் பற்றியது. கடுங்குளிரில் ஆட்டம் பார்த்தவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் அந்த நாளைப் பற்றிப் பேசுவார்கள். யார் கோல் அடித்தார் என்பதைவிட, காலுக்கடியில் எதை வைத்தோம், எந்த விரல் மரத்துப்போனது என்பதைத்தான் அதிகம் சொல்வார்கள். அந்த நினைவுகளுக்குள் ஓர் அறிவியல் பாடமே இருக்கிறது.

முதலில் ஒரு திருத்தம்

“குளிர் எலும்புக்குள் புகுந்துவிட்டது” என்று நாம் சொல்வோம். பேச்சுக்கு அது சரி, அறிவியலுக்குச் சரியில்லை. குளிர் என்று ஒரு பொருள் கிடையாது. அது எங்கும் புகாது. வெப்பம் மட்டுமே நகரும். அதுவும் சூடான இடத்தில் இருந்து குளிர்ந்த இடத்துக்கு மட்டுமே தானாக நகரும்.

உங்கள் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 பாகை. நம் நாட்டில் வெளியே 31 பாகை என்றால் வித்தியாசம் 6 பாகைதான். கன்சஸ் சிட்டியில் அன்று இந்த வித்தியாசம் 53 பாகை! வித்தியாசம் கூடக்கூட வெப்பம் வெளியேறும் வேகமும் கூடும். நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 பாகைதான். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி கேமரன் மலையில் பதிவானது. அதற்கே நாம் கம்பளிச் சட்டையைத் தேடுவோம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்கும். பழைய மாதிரி மின்விளக்கு ஒன்றுக்குச் சமம். ஓடும்போது இது பல மடங்கு உயரும். ஏனென்றால் தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளிப்படுகிறது. எனவே ஆட்டக்காரரிடம் ஓர் அடுப்பே இருக்கிறது. ரசிகரிடம் ஒரு விளக்குதான். அந்த விளக்கின் சூட்டை எப்படிக் காப்பாற்றுவது என்பதே அவருக்கு உள்ள கேள்வி.

ஓடுகிறவருக்கும் அந்த அடுப்பு எப்போதும் போதாது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, மின்னசோட்டா மாநிலத்தின் செயிண்ட் பால் நகரில், ஏறக்குறைய இதே குளிரில், ஹோண்டுராஸ் அணி அமெரிக்காவை எதிர்த்து ஆடியது. ஹோண்டுராஸ் நம்மைப் போல வெயில் நாடு. அந்த அணியில் சிலரால் குளிர் தாங்க முடியாமல் இரண்டாம் பாதிக்குத் திடலுக்கே வர முடியவில்லை.

பனிக்கட்டி ஆட்டம், 1967

குளிர் ஆட்டங்களில் மிகவும் புகழ்பெற்றது 1967ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி நடந்தது. இது நாம் ஆடும் காற்பந்து அன்று. தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்து. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில், லாம்போ அரங்கத்தில், கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியும் தேசியக் கிண்ணத்துக்காக மோதின. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 25 பாகை. அந்தக் குளிரிலும் 50,861 பேர் வந்து உட்கார்ந்தார்கள்!

திடலின் மண்ணுக்கடியில் மின்சாரச் சூடேற்றிக் கம்பிகளைப் பதித்திருந்தார்கள். இரவு முழுதும் திடலைத் தார்ப்பாயால் மூடியும் வைத்தார்கள். காலையில் பாயை எடுத்ததும், அடியில் தேங்கியிருந்த ஈரம் அந்தக் குளிர்காற்றில் பட்டு உறைந்துபோனது. வழுக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடே திடலை வழுக்கும் பனித்தரை ஆக்கியது.

நடுவர் உலோக விசிலை ஊதினார். அது உதட்டோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. பிறகு நடுவர்கள் விசிலை விட்டுவிட்டு, குரல் கொடுத்தே ஆட்டத்தை நடத்தினார்கள். இடைவேளையில் வாசிக்க வந்த கல்லூரி இசைக்குழுவின் பித்தளைக் கருவிகளும் உதட்டில் ஒட்டின. குழுவினர் சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பார்வையாளர்களில் முதியவர் ஒருவர் குளிர் தாங்காமல் உயிரிழந்தார்.

ஆட்டம் முடிய 16 விநாடி இருந்தபோது பேக்கர்ஸ் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. பார்ட் ஸ்டார் பந்தோடு தாமே பாய்ந்து கோட்டைத் தாண்டினார். 21–17. அமெரிக்கர்கள் இன்றும் அதை ‘ஐஸ் பவுல்’ என்றே அழைக்கிறார்கள்.

சூடு தப்பிக்கும் வழிகள்

அந்த விசில் ஏன் ஒட்டியது? உலோகம் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்தும். உதட்டின் சூட்டை அது நொடியில் உறிஞ்சிவிட, உதட்டில் இருந்த ஈரம் உறைந்து பசையாக மாறியது. மரத்தாலான ஒன்றை வாயில் வைத்திருந்தால் இந்த வேகம் இருந்திருக்காது. இதுதான் கடத்தல்.

இப்போது ரசிகரின் காலைப் பாருங்கள். உறைந்த சிமெண்டுத் தரையில் இரண்டு மணி நேரம் காலை ஊன்றினால், சப்பாத்தின் அடிப்பகுதி வழியாகச் சூடு தரைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் அனுபவம் உள்ள ரசிகர்கள் கையோடு ஓர் அட்டைத் துண்டு கொண்டுபோய்க் காலுக்கடியில் போடுகிறார்கள். அட்டையின் மடிப்புகளுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலாடைக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொள்வதும் இதற்காகத்தான். நமக்கு இது புதிதா என்ன? நாசி லெமாக் பொட்டலத்தின் மேல் பழைய செய்தித்தாளைச் சுற்றித் தருவார்களே, வீட்டுக்கு வந்து பிரிக்கும்போதும் சோறு சூடாக இருக்குமே, அதே கணக்குதான்.

இரண்டாவது வழி காற்றடிப்பது. உங்கள் தோலை ஒட்டி, நீங்களே சூடாக்கிய மெல்லிய காற்றுப் போர்வை ஒன்று எப்போதும் இருக்கிறது. காற்று வீசினால் அந்தப் போர்வை பறந்துவிடும். உடல் புதிதாக ஒன்றைச் சூடாக்க வேண்டும், அதுவும் பறக்கும். ஐஸ் பவுல் அன்று வீசிய காற்றையும் சேர்த்து இன்றைய முறைப்படி கணக்கிட்டால், முகத்துக்கு அது சுழியத்துக்குக் கீழே 38 பாகை போல இருந்திருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: வெப்பமானியை அங்கே வைத்திருந்தால் அது 25 பாகைக்குக் கீழ் இறங்கியிருக்காது. காற்று வெப்பநிலையைக் குறைப்பதில்லை. சூட்டை விரைவாகக் கொண்டுபோகிறது.

மூன்றாவது ஈரம். நீர், அசையாத காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். வாகன நிறுத்தத்தில் இருந்து கனமான உடையோடு வேகமாக நடந்து வந்து, வியர்வையில் காலுறையை நனைத்துக்கொண்ட ரசிகர் பாடுதான் மோசம். ஈரம் ஆவியாகும்போதும் உடலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதனால் மாற்றுக் காலுறை கொண்டுபோவது பழைய ரசிகர்களின் வழக்கம்.

நான்காவது கதிர்வீச்சு. நம் உடல் அகச்சிவப்புக் கதிர்களாகவும் சூட்டை இழக்கிறது. நெருக்கி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் கதிர் உங்களுக்கும், உங்களுடையது அவருக்கும் கிடைக்கும். காற்று படும் பரப்பும் குறையும். அண்டார்க்டிகாவில் பேரரசப் பென்குயின்கள் கூட்டமாக ஒட்டி நிற்பதும் இப்படித்தான்.

உடல் எடுக்கும் கடினமான முடிவு

இத்தனையும் போதாமல் போனால் உடல் ஒரு முடிவு எடுக்கும். இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றின் சூட்டைக் காப்பாற்ற, கை கால் விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். விரல், மூக்கு, காது ஆகியவற்றைக் கைவிட்டாவது உயிரைக் காப்பதே அதன் நோக்கம்.

முதலில் விரல் வலிக்கும். பிறகு குத்தும். பிறகு வலியே இருக்காது. “அப்பாடா, பழகிவிட்டது” என்று தோன்றும். பழகவில்லை மாணவர்களே. அங்கே நரம்பு வேலை செய்யவில்லை. தோலில் உள்ள நீர் உறையத் தொடங்குகிறது. இதைப் பனிக்கடி என்பார்கள். இரத்தம் நீண்ட நேரம் போகாவிட்டால் திசுக்கள் இறந்துவிடும்.

இது 1967ஆம் ஆண்டோடு முடிந்த கதை இல்லை. 2024ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி, அதே கன்சஸ் சிட்டி வட்டாரத்தில், ஏரோஹெட் அரங்கத்தில் ஓர் ஆட்டம். சுழியத்துக்குக் கீழே 20 பாகை. காற்றையும் சேர்த்தால் 33 பாகை போல. கன்சஸ் சிட்டி சீஃப்ஸ் வீரர் பேட்ரிக் மஹோம்ஸின் தலைக்கவசம் ஒரு மோதலில் உடைந்து ஒரு துண்டு பெயர்ந்தது. கடுங்குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெறும். எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

யாரும் பார்க்காதது பிறகு நடந்தது. அந்த ஜனவரிக் குளிரில் பனிக்கடிக்கு ஆளானவர்களில் சிலருக்கு விரல்களை நீக்க வேண்டியிருந்தது என்றும், அவர்களில் சிலர் அந்த ஆட்டத்துக்குப் போனவர்கள் என்றும், சில வாரங்களுக்குப் பின் அவ்வூர் மருத்துவமனை ஒன்று தெரிவித்தது. அத்தகைய குளிரில் வெறும் கையோடு சில நிமிடங்கள் வேலை செய்தாலே போதும், ஆபத்து தொடங்கிவிடும்.

மதுவும் பலரை ஏமாற்றுகிறது. குடித்தால் உடல் கதகதப்பாவது போலத் தோன்றும். உண்மையில் மது தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே காக்க வேண்டிய சூடான இரத்தம் வெளிப்பக்கம் வந்து சூட்டை இழக்கிறது. உடல் உள்ளே குளிரும்போது மனிதர் “எனக்கு நன்றாக இருக்கிறது” என்பார்.

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து தொடங்குகிறது. முதலில் உடல் நடுங்கும். தசைகளைத் துடிக்கவைத்து வெப்பம் உண்டாக்கும் முயற்சி அது. பிறகு பேச்சு குழறும், சிந்தனை குழம்பும். கடைசியில் நடுக்கமே நிற்கும். நின்றால் நல்லது என்று நினைக்காதீர்கள். உடனே மருத்துவ உதவி தேவை.

நீங்களே செய்து பாருங்கள்

விடியற்காலையில் வெறுங்காலோடு ஒரு காலை வீட்டுத் தளக்கல் தரையிலும், மற்றதை அதே தரையில் இரவு முழுதும் கிடந்த அட்டையிலும் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே வெப்பநிலைதான். ஆனாலும் தளக்கல் சில்லென்று இருக்கும். உங்கள் கால் அளப்பது வெப்பநிலையை அன்று. சூடு போகும் வேகத்தை. பிறகு ஒரு கையை நனைத்து, இரண்டு கைகளையும் மின்விசிறி முன் நீட்டுங்கள். எந்தக் கை முதலில் குளிர்கிறது, ஏன் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். உறைபெட்டியில் இருக்கும் உலோகக் கரண்டியை மட்டும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். நடுவரின் உதடு நினைவிருக்கட்டும்.

நமக்கு எதற்கு இது?

அந்த மாணவனும் இதைத்தான் கேட்டான். நம் ஊரில் பனி பெய்யாதே என்றான். உண்மைதான். ஆனால் உங்களில் சிலர் மேற்படிப்புக்குக் குளிர் நாடுகளுக்குப் போவீர்கள். முதல் குளிர்காலத்தில் நண்பர்கள் ஆட்டம் பார்க்கக் கூப்பிடுவார்கள். தாராளமாகப் போங்கள். ஒரே தடித்த உடைக்குப் பதிலாக அடுக்கடுக்காக அணியுங்கள். காலுக்கு அட்டை, பைக்குள் மாற்றுக் காலுறை கொண்டுபோங்கள். விரல் மரத்தால் உடனே உள்ளே போங்கள். தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். மிதமான வெந்நீரில் வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உங்கள் மூக்கு நுனி வெளுத்துப்போவது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் கோலைப் பார்க்கும் இடைவெளியில் நண்பரின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். வலிக்கிறது என்று அவர் புலம்பினால் பயம் குறைவு. வலிக்கவே இல்லை என்று அவர் சொன்னால், ஆட்டம் கடைசி நிமிடத்தில் இருந்தாலும் சரி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போங்கள்.