கிட்னி மாற்றிய பிறகு கிரியாட்டினின் ஏறுதா? காரணம் பிகே வைரஸாகவும் இருக்கலாம்!

அம்மாவின் கிட்னியை மகனுக்குப் பொருத்தியாச்சு. டயாலிசிஸ் முடிஞ்சது, தண்ணீரை அளந்து குடிக்கிற கொடுமையும் முடிஞ்சதுனு வீடே நிம்மதியா இருக்கு. ஆறாவது மாசம் வழக்கமான ரத்தப் பரிசோதனை. 1.1-ல் இருந்த கிரியாட்டினின் 1.6 காட்டுது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிறுநீரும் நல்லாத்தான் போகுது. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போட்டதும் எல்லோருக்கும் வர்ற முதல் பயம், 'உடம்பு கிட்னியை ஏத்துக்கலையோ?' என்பதுதான்.

அது நியாயமான பயம்தான். ஆனா, இதே மாதிரி சத்தமில்லாமல் கிரியாட்டினினை ஏற்றிவிடுகிற இன்னோர் ஆள் இருக்கு. பெயர், பிகே வைரஸ்.

1971-ல் லண்டனில், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் சிறுநீரில்தான் இதை முதன்முதலில் கண்டுபிடிச்சாங்க. அவருடைய இனிஷியலே வைரஸுக்குப் பெயராகிடுச்சு. (இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை வேலூர் சி.எம்.சி-யில் நடந்ததும் அதே 1971-ல்தான்!)

இது எங்கிருந்தோ புதுசா வந்து தொற்றுகிற வைரஸ்னு நினைச்சுடாதீங்க. இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலானவர்கள் உடம்பிலும் இது இருக்கும். சின்ன வயசுல சாதாரண சளி மாதிரி வந்து, அப்படியே சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும் தூங்கிடும். நோய் எதிர்ப்பு சக்தி காவல் இருக்கிற வரைக்கும் எழுந்திருக்காது.

சிக்கலே அந்தக் காவலில்தான். அடுத்தவர் கிட்னியை உடம்பு எதிரியா நினைச்சுத் தாக்காமல் இருக்க, டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு என எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரைகளைத் தினமும் சாப்பிட்டாகணும். காவலாளியைக் கொஞ்சம் தூங்கவெச்சாதான் புது விருந்தாளி வீட்டில் தங்க முடியும். அந்த நேரத்தில் வைரஸ் எழுந்துக்குது. கிட்னி மாற்றியவர்களில் 10 முதல் 15 சதவிகிதம் பேருக்கு இது ரத்தம் வரை வரலாம். அவர்களில் ஒரு பகுதியினருக்கு சிறுநீரகச் செல்களே சிதைய ஆரம்பிக்கும்.

ஒரே அறிகுறி, எதிரெதிர் சிகிச்சை

கிட்னியை உடம்பு நிராகரிச்சாலும் கிரியாட்டினின் ஏறும். பிகே வைரஸ் தாக்கினாலும் ஏறும். நிராகரிப்பு என்றால் எதிர்ப்பு சக்தியை இன்னும் அமுக்கணும். வைரஸ் என்றால் அமுக்குகிற மருந்தைக் குறைக்கணும். தப்பா கணிச்சு மருந்தைக் கூட்டினா, வைரஸுக்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரி. தப்பா கணிச்சுக் குறைச்சா, கிட்னியே போகலாம். அதனாலதான் ரத்தத்தில் பி.சி.ஆர் பரிசோதனை செய்து வைரஸின் அளவைப் பார்க்கிறார்கள். சந்தேகம் தீரலைன்னா பயாப்சி. சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் வைரஸ் புகுந்த செல்கள் தெரியும். பார்க்க புற்றுநோய் செல்கள் மாதிரியே இருந்து ஏமாற்றுவதால் அவற்றுக்கு 'டெகாய் செல்கள்'னு பெயர்.

சி.எம்.வி என்கிற சைட்டோமெகலோ வைரஸும் இந்த நேரத்தில் தலைதூக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெள்ளை அணுக்கள் குறைவது என்று அது பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துடும். அதற்கு வால்கான்சிக்ளோவிர் மாத்திரை இருக்கு. தேவைப்படுபவர்களுக்கு முதல் சில மாதங்கள் முன்கூட்டியே கொடுப்பதும் உண்டு.

பிகே வைரஸுக்கு அப்படி நேரடியான மருந்து இன்னும் இல்லை. மைக்கோபினோலேட்டைக் குறைப்பது அல்லது நிறுத்துவது, டாக்ரோலிமஸ் அளவை இறக்குவது என்று டாக்டர் படிப்படியாகப் போவார். வைரஸ் அளவு குறைய வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட ஆகும்.

இங்கேதான் பலர் சறுக்குவாங்க. 'மாத்திரையைக் குறைச்சா வைரஸ் போயிடுமாமே'னு எங்கேயாவது ஒரு வீடியோ பார்த்துட்டு, தாங்களே ஒரு வேளை மாத்திரையை விட்டுடுவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். டாக்டர் குறைக்கும்போதுகூட அடுத்தடுத்து ரத்தப் பரிசோதனை செய்து, கிட்னியைப் பார்த்துக்கிட்டேதான் குறைப்பார்.

கிரியாட்டினின் ஏறுற வரைக்கும் காத்திருக்கவும் கூடாது. முதல் 9 மாதங்கள் மாதம் ஒருமுறை, பிறகு 2 ஆண்டுகள் வரை 3 மாதங்களுக்கு ஒருமுறை வைரஸ் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள் நிபுணர்கள். 'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு வீண் செலவு'னு தள்ளிப்போடுகிற டெஸ்ட் இதுதான். ஆனா, ஆரம்பத்திலேயே பிடிச்சா கிட்னியைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கு. செல்கள் தழும்பாகிவிட்ட பிறகு திரும்பப் பெறுவது கஷ்டம்.

தானம் கொடுத்த அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வைரஸ் பல நேரங்களில் தானமாக வந்த கிட்னியோடவே வந்துடும். அதுல உங்க தப்பு எதுவும் இல்லை. ஆரோக்கியமா இருக்கிற பெரும்பாலானோரின் கிட்னியிலும் அது இருக்கு. அப்படியே வைரஸால் ஒரு கிட்னி செயலிழந்தாலும், அதை அடக்கிய பிறகு இரண்டாவது முறை கிட்னி மாற்றிக்கொண்டு நல்லா இருக்கிறவங்களும் உண்டு.