இரும்பிடம் தோற்கும் வைரம்!

"வைரத்தை வைரத்தால்தான் அறுக்கவேண்டும்" என்பார்கள். அவ்வளவு கடினமானது வைரம். அந்த வைரமே இரும்பிடம் தோற்றுப்போகிறது என்றால் நம்ப முடிகிறதா?

உண்மைதான்!

கடைசல் பட்டறையில் லேத் எந்திரம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். உலோகத்துண்டு சுழலும். "டூல்" என்னும் உளி அதைச் செதுக்கும். உலோகத்துக்கு ஏற்ற உளியைப் பூட்டவேண்டும். இல்லாவிட்டால் உளி மழுங்கும்; உடைந்து தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து!

எதிரி சூடுதான்

உளிக்கு முதல் எதிரி, வெட்டும்போது உண்டாகும் சூடு. பழைய கார்பன் உருக்கு உளி, 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் மெல்ல மெல்லக் கடினத்தை இழக்கும். ஆகவே மெதுவாகத்தான் கடைய முடிந்தது.

1900-ம் ஆண்டில் பாரிஸ் நகரில் பெரிய கண்காட்சி நடந்தது. அமெரிக்கர்களான டெய்லர், ஒயிட் இருவரும் உருவாக்கிய உளி அங்கே ஓடியது. அதன் முனை நெருப்பாகச் சிவந்தது. ஆனாலும் வெட்டிக்கொண்டே இருந்தது! அதுதான் டங்ஸ்டன் கலந்த "ஹைஸ்பீடு ஸ்டீல்". சுமார் 600 டிகிரி வரை தாங்கும். இடி பட்டாலும் எளிதில் உடையாது.

சுட்டெடுத்த உளி

அடுத்து வந்தது கார்பைடு. 1920-களில் ஜெர்மனியின் குரூப் கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட் தூளுடன் கலந்து, அச்சில் அமுக்கி, சூளையில் சுட்டெடுப்பார்கள். ஹைஸ்பீடு ஸ்டீலைவிடப் பல மடங்கு வேகமாக வெட்டும். ஆனால் பலமாக இடித்தால் விண்டுபோகும்.

வார்ப்பிரும்பின் சீவல் பொடிப்பொடியாக உதிரும். அதற்குச் சாதாரண கார்பைடு போதும். உருக்கின் சீவலோ நாடாவைப்போல நீண்டு வரும். சூட்டோடு உரசி, உளியில் பள்ளம் பறிக்கும். அதற்கு டைட்டானியம் கார்பைடும் சேர்த்த உளி தேவை.

வைரத்தின் கதை

வைரம் முழுவதும் கார்பன்தான். சூடேறிய இரும்பு, கார்பனைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். ஆகவே இரும்பையும் உருக்கையும் வெட்டினால் வைரமுனை விரைவில் தேய்ந்துவிடுகிறது. அலுமினியத்துக்கும் செம்புக்கும் அந்தப் பசி இல்லை. அவற்றை வைரம் கண்ணாடிபோலப் பளபளக்கக் கடைந்து தரும்!

சூடேற்றிக் கடினமாக்கிய உருக்கை என்ன செய்வது? அதற்கும் வழி பிறந்தது. 1957-ல் அமெரிக்காவில் போரானையும் நைட்ரஜனையும் சேர்த்து, "கியூபிக் போரான் நைட்ரைடு" என்ற பொருளைச் செய்தார்கள். கடினத்தில் வைரத்துக்கு அடுத்தபடி. அதில் கார்பன் இல்லை. இரும்பின் பசி அதனிடம் பலிக்காது!

உளி விலை உயர்ந்ததா என்று பார்ப்பது பிறகு. எந்த உலோகத்தை வெட்டப்போகிறோம் என்று முதலில் பார்க்கவேண்டும். அதுவே நல்ல தொழிலாளிக்கு அழகு!